கல்வெட்டுப் படிகளைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய கல்வெட்டுத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். கல்வெட்டின்மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த மைப்படி ஒன்றைப் பார்க்க அனுமதி கேட்ட ஆய்வு மாணவரின் விண்ணப்பம் மூன்றாம் முறையும் திரும்பி வந்திருக்கிறது. துறையின் ஆண்டறிக்கையில் அந்தக் கல்வெட்டின் சுருக்கம் இருக்கிறது, அது போதும் என்பது பதில். 1887 முதல் வரும் அந்த அறிக்கைகளின் அருமையை அறிவோம். ஆனால் பல கல்வெட்டுகளுக்கு அதில் இருப்பது அரசன் பெயர், ஆட்சியாண்டு, கொடையின் சாரம், அவ்வளவுதான். எழுத்தைப் படிப்பவருக்கு எழுத்து வேண்டும்.

கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன், தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமியில் அமைந்த கல்வெட்டுகளின் தொகுப்பை 1966இல் வெளியிட்டார். பிறகு மறுபடியும் குகைத்தளங்களுக்கு ஏறி, பாறையோடு ஒப்பிட்டு, தம் பழைய வாசிப்புகள் பலவற்றைத் தாமே திருத்தி 2003இல் பெருநூலாக்கினார். அவருக்குத் திரும்பிப் போகப் பாறை இருந்தது. இன்று பல இடங்களில் கல்குவாரி பாறையைத் தின்றுவிட்டது. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு கோயில் சுவரின் எழுத்தைத் தேய்த்துவிட்டது. அங்கெல்லாம் எஞ்சியிருப்பது உங்கள் அலமாரியில் உள்ள தாள் மட்டுமே.

அந்தத் தாளில் என்ன தவறலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் அடித்துப் பள்ளத்துக்குள் இறக்கி, பிறகு மை ஒற்றுகிறோம். கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். மை சற்று மிஞ்சினால் நுண்ணிய பள்ளம் அடைபடும். பிற்காலத் தமிழ்ப் பிராமியில் மெய்யெழுத்தைக் காட்டும் புள்ளி அப்படித்தான் காணாமல் போகிறது. மாறாக, பாறையின் இயற்கைக் குழி புள்ளிபோல் விழுந்துவிடும். 'ன்' என்பதா 'ன' என்பதா? சொல்லே மாறும். அச்சில் சுருங்கிய படத்தைக் கொண்டு இதைத் தீர்க்க முடியாது. தாளின் பின்புறப் புடைப்பைப் பக்கவாட்டு ஒளியில் பார்த்தால் சில வேளைகளில் தீர்க்கலாம். மடித்தே வைத்திருந்தால் அந்தப் புடைப்பும் தட்டையாகும். பழந்தாள் முதலில் ஒடிவது மடிப்பில்தான். அந்த மடிப்புக்குள் ஒரு வரி போய்விட்டால் மீட்க வழியே இல்லை.

கல்வெட்டாய்வாளர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதையும், ஓய்வு பெறுபவரோடு ஒரு கையின் பழக்கமே போவதையும் தனியே எழுத வேண்டும். இப்போது கேட்பது ஒன்றுதான்: படிகளைத் திறந்துவிடுங்கள்.

ஒவ்வொன்றையும் மடிப்பு நீக்கி, அளவுகோல் வைத்து, அங்குலத்துக்குக் குறைந்தது 600 புள்ளி (dpi) நுணுக்கத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தைப் பக்கவாட்டு ஒளியில் தனியே படமெடுங்கள். ஊர், இடம், ஆண்டறிக்கை எண், படியெடுத்த ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்து, விண்ணப்பமின்றி எவரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வையுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் முடிக்கச் சொல்லவில்லை. மூலக்கல் அழிந்துபோன ஊர்களின் படிகளிலிருந்து தொடங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அதுவரை, திரும்பி வந்த அந்த விண்ணப்பத்தை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டு வாசிப்போர் சிலர்