முள்கரண்டியா, அச்சா? பீனட் பட்டர் குக்கீ சுடவிருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் உன் அலுவலகத்தில் அவரவர் வீட்டில் சுட்ட குக்கீகளைக் கொண்டுவந்து பரிமாறிக்கொள்ளப் போவதாகவும், உன் பங்குக்கு பீனட் பட்டர் (நிலக்கடலை விழுது) குக்கீ செய்ய எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். அதை முள்கரண்டியால் அழுத்திச் சுடுவதா, அமெரிக்காவின் மினசோட்டாக் கடைகளில் இந்த மாதம் எங்கும் தென்படும் குக்கீ பிரஸ் என்னும் அச்சில் இட்டுப் பிழிவதா என்ற உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டுமே அழுத்துகிற வேலைதான் என்றாலும், இரண்டுக்கும் வேண்டிய மாவு வேறு வேறு. ஒன்றுக்காகச் சேர்த்த மாவை மற்றொன்றுக்கு எடுத்தால் பண்டம் கெட்டுவிடும். புதிதாக இந்த நாட்டுக்கு வந்து ஓவனோடு பழகிக்கொண்டிருக்கும் வேறு சிலருக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகப் பதிக்கும் கோடுகளைப் பலரும் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். அழகு அதன் கடைசிப் பயன்தான். வெண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த சாதாரணக் குக்கீ மாவு, ஓவன் சூட்டில் தானே இளகிப் பரவித் தட்டையாகிவிடும். பீனட் பட்டர் சேர்ந்த மாவு அவ்வளவு எளிதில் பரவாது. கடலையின் திப்பி மாவை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். உருண்டையை அப்படியே உள்ளே வைத்தால் அடியும் ஓரமும் சிவந்த பிறகும் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். நடு வேகட்டும் என்று காத்திருந்தால் ஓரம் கருகிவிடும். அழுத்தித் தட்டையாக்கினால் கனம் எங்கும் ஏறத்தாழ ஒன்றாகி, சூடு சமமாக ஏறுகிறது. கோடுகளின் மேடுகள் முதலில் சிவந்து வறுத்த கடலையின் மணத்தைத் தருகின்றன. பள்ளங்கள் மென்மையாகவே இருக்கின்றன. ஒரே குக்கீயில் இரண்டு பதம் கிடைப்பது இதனால்தான்.

இந்த வழக்கம் மிகப் பழையதும் அல்ல. அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் பணியாற்றிய வேளாண் அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், நிலக்கடலையைப் பயிரிடும் முறையையும் அதைச் சமைக்க 105 வழிகளையும் சொல்லும் சிறு வெளியீடு ஒன்றை 1916-இல் எழுதினார். பருத்தியே பயிரிட்டு வளம் குன்றிய நிலத்துக்கு நிலக்கடலை உரமூட்டும்; விளைந்ததை விற்க முடியாமல் போனாலும் ஏழை உழவரின் வீட்டுக்கு அது உணவாகும் என்பது அவருடைய நோக்கம். பீனட் பட்டரைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று இங்கே பலர் சொல்லக் கேட்பாய், அது சரியன்று. கனடாவைச் சேர்ந்த மார்செலஸ் கில்மோர் எட்சன் கடலை விழுதுக்கு 1884-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கார்வரின் வெளியீட்டில் கடலைக் குக்கீகள் உண்டு. ஆனால் அவற்றில் சேர்ந்தது கடலைத் துண்டும் பொடியும்தான். பீனட் பட்டரைச் சேர்த்து உருட்டி முள்கரண்டியால் அழுத்தச் சொல்லும் குறிப்புகள் 1930களின் தொடக்கத்தில், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, அச்சில் பரவத் தொடங்கின. கையில் காசு குறைந்த அந்த நாட்களில், மலிவான கடலையையும் எந்த வீட்டிலும் இருக்கும் ஒரு முள்கரண்டியையும் கொண்டு பண்டிகைப் பண்டம் செய்ய வழி கண்ட அடுக்களைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை பெருகுகிறது.

முதலில் பீனட் பட்டரைத் தேர்ந்தெடு; பண்டத்தின் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. கடலையும் உப்பும் மட்டும் சேர்ந்து, மேலே எண்ணெய் மிதக்கும் வகை ரொட்டியில் தடவ அருமையானது, குக்கீக்கு வேண்டாம். எண்ணெய் பிரிந்து மாவு ஒரு பக்கம் உதிரும், ஒரு பக்கம் வழியும். எண்ணெய் பிரியாதபடி செய்யும் முறையை 1920களில் ஜோசப் ரோஸ்ஃபீல்டு கண்டறிந்தார். அந்த வழியில் வந்த, கலக்காமலே மழமழவென்று இருக்கும் சாதாரண வகையை வாங்கு. அதில் சர்க்கரையும் கெட்டிப்படுத்திய எண்ணெயும் சேர்ந்திருப்பதைக் கண்டு தயங்காதே. பீனட் பட்டர் என்று பெயரிட்டு விற்க 90 சதவீதமாவது நிலக்கடலை இருக்க வேண்டும் என்பது இந்நாட்டு விதி. 1959-இல் எழுந்து 12 ஆண்டுகள் நீண்ட வழக்காடலுக்குப் பிறகு 1971-இல்தான் அந்த அளவு உறுதியானது.

அளவுகளைச் சொல்கிறேன். அறைச் சூட்டில் இளகிய வெண்ணெய் ஒரு ஸ்டிக், அதாவது 113 கிராம், பீனட் பட்டர் அரைக் கோப்பை, வெள்ளைச் சர்க்கரையும் பிரவுன் சர்க்கரையும் அரைக் கோப்பை வீதம், முட்டை ஒன்று, மைதா 1¼ கோப்பை, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பிரவுன் சர்க்கரையைக் குறைக்காதே. அதிலுள்ள மொலாசஸின், அதாவது கரும்புச் சர்க்கரைப் பாகின், மெல்லிய புளிப்புத்தான் சோடாவைத் தூண்டுகிறது, ஈரத்தைப் பிடித்து வைத்துக் குக்கீ மறுநாளும் விறைக்காமல் காக்கிறது. வெண்ணெய், பீனட் பட்டர், சர்க்கரைகளை நன்றாகக் குழைத்து, முட்டையைச் சேர்த்து அடித்து, சோடாவோடு சலித்த மைதாவை இட்டு, வெள்ளை மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் கலந்து நிறுத்திவிடு. சப்பாத்தி மாவைப் பிசையும் கை இங்கே தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். பிசையப் பிசைய குக்கீ கடினமாகும்.

மாவை மூடி ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்த பிறகு, 1¼ அங்குல உருண்டைகளாக உருட்டி, தட்டில் மூன்று அங்குல இடைவெளி விட்டு அடுக்கு. முள்கரண்டியைச் சர்க்கரையில் தொட்டுக்கொண்டு ஒரு திசையில் ஒரு முறை, அதற்குக் குறுக்கே ஒரு முறை, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனம் வரும்வரை அழுத்து. ஓரம் சிறிது வெடிப்பது இயல்பு. பிளந்து விழுமானால் மாவு மிகவும் குளிர்ந்திருக்கிறது என்று பொருள், சற்றுப் பொறுத்து அழுத்து. 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒன்பது, பத்து நிமிடம் போதும். வெளியே எடுக்கும்போது நடு இன்னும் வேகவில்லையோ என்று ஐயம் எழும். திரும்ப உள்ளே தள்ளாதே. சூடான தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் அது தானே இறுகும். உடனே பெயர்த்தால் கையிலேயே உடையும்.

இனி குக்கீ பிரஸ். ஜெர்மனியிலிருந்தும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஸ்பிரிட்ஸ் குக்கீக்கான கருவி அது. உன் ஊர்ப்பக்கம் டிசம்பரில் அது இல்லாத வீடு குறைவு. தேன்குழல் அச்சைப் பிழிந்து பழகிய உனக்கு அதன் இயக்கம் புதிதாக இராது: குழலுக்குள் மாவு, அடியில் வடிவம் வெட்டிய தகடு, மேலிருந்து அழுத்தம். முள்கரண்டிக்கு உதவிய எல்லாமே இங்கே எதிராகிவிடும். குளிர்ந்த மாவு தகட்டில் இறங்காது, ஆகவே குளிர்பெட்டி வேண்டாம். சோடாவும் பேக்கிங் பவுடரும் மாவை உப்பச் செய்து, பிழிந்த நட்சத்திரத்தையும் மரத்தையும் அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும், இரண்டையும் விட்டுவிடு. பீனட் பட்டரைப் போல இரு மடங்கு வெண்ணெய் இருந்தால்தான் மாவு வழுக்கி இறங்கும். கடலைத் துண்டுகள் உள்ள வகையைத் தொடவே தொடாதே, ஒரே ஒரு துண்டு தகட்டை அடைத்துவிடும். தட்டில் எண்ணெயும் தடவாதே, காகிதமும் விரிக்காதே. வெறும் உலோகத்தில் ஒட்டிக்கொண்டால்தான் மாவு கருவியை விட்டு அறுந்து நிற்கும். முந்தைய ஈட்டின் சூடு தட்டில் மிச்சம் இருந்தாலும் வெண்ணெய் உருகி மாவு ஒட்டாமல் போகும் என்பதால், இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஆறவைத்துப் பயன்படுத்து.

என் முடிவைக் கேட்டால், முதல் முறை செய்கிற உனக்கு முள்கரண்டிதான். அச்சு தரும் வடிவம் அழகானது என்றாலும், அது கேட்கும் கூடுதல் வெண்ணெய் கடலையின் சுவையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. கடலைக்காகவே செய்யும் பண்டத்தில் அதை நான் விரும்பவில்லை. பண்டிகைக் களை வேண்டுமென்றால் இன்னொரு வழி உண்டு. ஒஹாயோவின் கிப்சன்பர்க் ஊரைச் சேர்ந்த ஃபிரீடா ஸ்மித் 1957-இல் பில்ஸ்பரி மாவு நிறுவனத்தின் சமையல் போட்டிக்கு அனுப்பிய குக்கீயில், சர்க்கரையில் புரட்டிய உருண்டையை அழுத்தாமலே சுட்டு, ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு நடுவில் ஹெர்ஷி கிஸ் என்னும் சிறு கூம்பு வடிவச் சாக்லேட் ஒன்றைப் பதிக்க வேண்டும். அவருக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் இன்று கிறிஸ்துமஸ் தட்டுகளில் நிலைத்திருப்பது அவருடைய குக்கீதான்.

முட்டை சேர்க்காத நண்பர்களுக்கு, ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்து முட்டைக்குப் பதிலாகச் சேர். சற்று உதிரும், சுவை குறையாது. வேலை நாட்களில் நேரம் இல்லையென்றால், உருண்டைகளை இப்போதே உருட்டி உறையவைத்து, சுடும் நாளில் அழுத்த வரும் அளவுக்கு இளகவிட்டு எடுத்துக்கொள்.

கொண்டுபோவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை மறந்துவிடாதே. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு துகள்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். உன் குழுவில் அப்படி யாராவது இருக்கிறார்களா, யாருடைய வீட்டுக் குழந்தைக்காவது உண்டா என்று சுடுவதற்கு முன்பே கேள். இருந்தால் இந்த ஆண்டு வேறு குக்கீ செய். ஒருவருக்கும் இல்லை என்று தெரிந்தாலும், மற்றவர்களின் குக்கீகளோடு ஒரே தட்டில் கலக்காமல் மூடிய பெட்டியில் தனியே வை. நிலக்கடலை, கோதுமை, பால், முட்டை என்று தெளிவாக எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடு. எடுத்துப் பரிமாறும் இடுக்கியையும் அந்தப் பெட்டிக்கென்று தனியாகக் கொண்டுபோ.

அன்புடன்,
அக்கா