வேலியண்ட் நாயகர்களை வரைந்தவர்களுக்குப் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இரும்புக்கை மாயாவி பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியிலிருந்து முதல் புத்தகமாக வெளியிட்ட கதை அது, அந்தப் பெயரைக் கேட்டாலே எங்கள் தலைமுறைக்கு ஒரு குஷி வந்துவிடும். ஆனால் மாயாவி பிறந்த 'வேலியண்ட்' பத்திரிகையைப் பற்றிக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: லண்டனில் வந்துகொண்டிருந்த சிறுவர் வார இதழ், 1976-ல் நின்றுபோனது. அவ்வளவுதான். மாயாவியின் படத்தை முக்கால் பக்கத்துக்குப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள், அதை வரைந்தவர் யார் என்று எங்கேயும் இல்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பார்சிலோனாக்காரர், 1919-ல் பிறந்தவர். இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்கு வரைய வருவதற்கு ரொம்ப காலம் முன்பே 'கூட்டோ' என்ற சிறுவனை நாயகனாக வைத்துத் தன் நாட்டில் பெயர் வாங்கியவர். அவருடைய தம்பிமார்களும் தங்கையும்கூட ஓவியர்கள், ஒரு குடும்பமே தூரிகையும் கையுமாக இருந்திருக்கிறது. வேலியண்ட் முதல் இதழ் 1962 அக்டோபர் 6 தேதியிட்டு ஃப்ளீட்வே நிறுவனத்திலிருந்து வந்தது, அதிலேயே மாயாவி தொடங்கிவிட்டது. கதை எழுதியவர் கென் புல்மர், அறிவியல் புனைகதைகள் எழுதிக் குவித்தவர். பின்னால் டாம் டல்லி எழுதினார்.

அந்த முதல் கதையை இப்போது எடுத்துப் பாருங்கள். மாயாவியாகும் லூயிஸ் கிராண்டெல் அதில் நல்லவனே இல்லை. விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிறது என்று கண்டுபிடித்ததும் திருடத்தான் கிளம்புகிறான். நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாக மாறுவதெல்லாம் பிறகு. பையன்கள் படிக்கிற பத்திரிகையில் இப்படி ஒருவனை நாயகனாக நிறுத்த எழுத்து மட்டும் போதாது. தூக்கம் கெட்ட அந்த முகம், பாதி இருட்டில் நிற்கும் தெருக்கள், ஆளே இல்லாத அறையில் மிதந்து வரும் கை, எல்லாம் கறுப்பு வெள்ளையில், மட்டமான தாளில், வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கத்துக்குள். பிளாஸ்கோ இல்லாமல் மாயாவி இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

அவர் பெயரை வேலியண்டும் அச்சிடவில்லை என்பது உண்மைதான். அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்களின் வழக்கமே அது. ஓவியர் மூலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் அலுவலகத்தில் வெள்ளை மை பூசி அழித்துவிடுவார்களாம். பெயர் வெளியே தெரிந்தால் போட்டிப் பத்திரிகை இழுத்துக்கொள்ளும், கூலியை உயர்த்தச் சொல்லிக் கேட்பார்கள், உரிமையில் பங்கு கேட்பார்கள். வேலியண்ட்டில் வந்த 'கெல்லிஸ் ஐ' தொடரையும் 'ஜேனஸ் ஸ்டார்க்' தொடரையும் வரைந்த சொலானோ லோபெஸ், அர்ஜென்டினாவில் 'எல் எடர்னவுட்டா' என்ற காமிக்ஸ் காவியத்தையே வரைந்த மனிதர், இங்கிலாந்துச் சிறுவர்களுக்கு ஊர் பேர் தெரியாத ஆளாகத்தான் இருந்தார்.

எல்லாக் கதையும் இந்தத் தரத்தில் இருந்தது என்று சொல்ல மாட்டேன். வேலியண்ட்டின் போர்க்கதை நாயகன் கேப்டன் ஹரிகேன் ஜெர்மானியர்களையும் ஜப்பானியர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டுவதை இன்று படித்தால் கூசுகிறது.

அப்புறம், 'நின்றுபோனது' என்ற வார்த்தை. அந்த ஊரில் ஒரு காமிக்ஸ் சும்மா நிற்காது, விற்பனை குறைந்தால் இன்னொன்றோடு சேர்த்துவிடுவார்கள். அட்டையில் 'வாசகர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி உள்ளே' என்று போட்டிருந்தால் அந்த இதழ் மூடப்படுகிறது என்று அர்த்தம். வேலியண்ட் இப்படி 1963-ல் 'நாக்கவுட்'டை விழுங்கியது, 1971-ல் 'ஸ்மாஷ்', 'டிவி 21' இரண்டையும், 1974-ல் 'லயன்' பத்திரிகையையும். கெல்லி வந்தது நாக்கவுட்டிலிருந்து, ஜேனஸ் ஸ்டார்க் வந்தது ஸ்மாஷிலிருந்து. கடைசியில் 1976 அக்டோபரில் வேலியண்ட்டையே 'பேட்டில்' என்ற போர்க்கதை இதழோடு சேர்த்தார்கள். அந்தக் கடைசிக் காலத்தில் அதைத் தூக்கி நிறுத்த ஆசிரியராக வந்தவர் ஜான் வாக்னர். அவர் கொண்டுவந்த ஒற்றைக்கண் போலீஸ்காரன் ஜாக்கின் முரட்டுத்தனம்தான் அடுத்த வருடம் ஜட்ஜ் டிரெட் என்ற காமிக்ஸ் நாயகனாக வளர்ந்தது. அந்த டிரெட் வந்த '2000 ஏடி' இதழில்தான் ஓவியர் கெவின் ஓ'நீல் முயற்சியால் எழுதியவர், வரைந்தவர் பெயர்களை ஒவ்வொரு கதையோடும் அச்சிட ஆரம்பித்தார்கள். வேலியண்ட் மூடிய அடுத்த வருடமே நடந்த மாற்றம் இது. பிளாஸ்கோவுக்குத்தான் வேலியண்ட்டில் அது கிடைக்கவில்லை.

இப்போது உரிமை வைத்திருக்கும் ரெபெல்லியன் நிறுவனம் பழைய தொடர்களைப் புத்தகமாகப் போடும்போது அட்டையிலேயே இவர்கள் பெயரைப் போடுகிறது. லண்டன் அலுவலகம் அன்று செய்ததற்கு வியாபாரக் காரணமாவது இருந்தது, நமக்கு என்ன காரணம்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: 'ஓவியம்: ஹெசூஸ் பிளாஸ்கோ, கதை: கென் புல்மர்'. இனி எந்தக் காமிக்ஸ் படத்தை எடுத்துப் போட்டாலும், வரைந்தவர் பெயரைக் கீழே சின்ன எழுத்திலாவது சேருங்கள். உங்கள் சிறுவர் பகுதியில் வாராவாரம் வரும் படக்கதைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதிலும் இதுவரை ஓவியர் பெயரைக் காணோம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மதுரை