வியன்னாவில் நடனம் மட்டும்தானா நடந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பியப் போர்கள் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அரசர்கள் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் கூடி, மாதக்கணக்கில் நடனமாடி, ஐரோப்பாவைப் பங்கு போட்டுக்கொண்டு கலைந்தார்களாம். மாஸ்கோ பின்வாங்கலுக்குப் பக்கம் பக்கமாக இடம், வாட்டர்லூவுக்கு அதைவிட அதிகம், குதிரைப்படை பாய்கிற வண்ணப்படம் வேறு. இருபது வருடங்களுக்கு மேல் அடித்துக்கொண்ட நாடுகள் மறுபடி ஒரே மேஜையில் உட்கார்ந்து எப்படிப் பேசின என்பதற்கு அந்த ஒரே வரி, அதுவும் தப்பும் தவறுமாக. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

மாநாடு கூடியது 1814 செப்டம்பரில், வாட்டர்லூவுக்குப் பல மாதங்கள் முன்பே. இது தாங்கள் அறியாததல்ல. நெப்போலியன், தான் நாடுகடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து தப்பி வந்து பாரிஸில் மறுபடி அமர்ந்துவிட்ட நேரத்திலும் அவர்கள் கலையவில்லை. பிரிட்டன் சார்பில் வியன்னாவில் உட்கார்ந்திருந்த தளபதி வெலிங்டன் அங்கிருந்துதான் போர்க்களத்துக்குப் போனார். 121 பிரிவுகள் கொண்ட இறுதி ஒப்பந்தம் 1815 ஜூன் 9-ல் கையெழுத்தானது, வாட்டர்லூ நடந்தது ஜூன் 18-ல். ஒரு தேதியைச் சரிபார்த்திருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது.

நடனம் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மாநாடு ஆடுகிறதே தவிர நகரவில்லை என்று லின்யே இளவரசர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு, எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் 1814 டிசம்பரில் இறந்துபோனார். அதற்கப்புறம் மூன்று வாரத்துக்குள் நடந்ததைத்தான் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும். போலந்து தனக்கே என்று ரஷ்ய ஜார் அலெக்சாண்டர், ஜெர்மானிய அரசான சாக்ஸனி முழுசாக வேண்டும் என்று பிரஷ்யா, கூட்டாளிகளுக்குள்ளேயே போர் மூளும் நிலை. 1815 ஜனவரி 3-ல் ஆஸ்திரியாவும் பிரிட்டனும் ரகசிய ஒப்பந்தம் போட்டன, மூன்றாவதாகக் கையெழுத்திட்டது தோற்றுப்போன பிரான்ஸ்! பாரிஸ் வீழ்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் தாலிராண்ட், ஆஸ்திரியாவின் மெட்டர்னிக்குக்கும் பிரிட்டனின் காஸல்ரேவுக்கும் சமமாக உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் பிரஷ்யா சாக்ஸனியில் ஐந்தில் இரண்டு பங்கோடு அடங்கியது, போர் வரவில்லை.

எந்தப் பகுதியில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று கணக்கிடத் தனிக் குழு வைத்தார்கள். எந்த நாட்டுத் தூதர் முன்னால் நிற்பது என்ற நூற்றாண்டுச் சண்டையை, வந்து சேர்ந்ததை முறைப்படி முதலில் அறிவித்தவர் முன்னால் என்று ஒரே விதியில் முடித்தார்கள். ரைன் நதிப் போக்குவரத்துக்காக அன்று உருவான ஆணையம் ஸ்ட்ராஸ்பர்க்கில் இன்றும் வேலை செய்கிறது. இதெல்லாம் நடனமாடுகிறவர்கள் போகிற போக்கில் செய்கிற வேலையா?

நான் காரைக்காலில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரே அந்தச் சமாதானத்தில் கைமாறிய ஊர். 1793-ல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட காரைக்காலும் புதுச்சேரியும், கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு, 1814 பாரிஸ் ஒப்பந்தப்படி பிரான்ஸுக்குத் திரும்பின. அப்படிப்பட்ட ஊரிலேயே இந்தப் பாடத்தை நடத்த நான் பட்டபாடு கொஞ்சமல்ல. "அதிலிருந்து ஒரு மார்க் கேள்விதான் வரும், சீக்கிரம் முடிங்க" என்று வகுப்புக்கு வந்த மேலதிகாரி ஒருவர் மாணவர்கள் முன்னிலையிலேயே சொன்னார். அன்றைக்கும் பொறுத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் ஒரு பையன் கேட்டான், "தோத்தவன எதுக்கு சார் கூப்பிட்டாங்க?" என்று. இதைவிட நல்ல கேள்வி உண்டா? கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் 1815, மறுபக்கம் 1919 என்று எழுதினேன். நெப்போலியன் இரண்டாம் முறையும் வந்து போர் தொடுத்த பிறகு பிரான்ஸுக்கு 70 கோடி பிராங்க் அபராதம், அதன் மண்ணில் ஒன்றரை லட்சம் அந்நியப் படைவீரர்கள். கடுமைதான். ஆனாலும் 1818-லேயே படைகள் வெளியேறின, ஆஹன் நகரில் கூடிய மாநாட்டில் பிரான்ஸைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். 1919-ல், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியைப் பேச்சுக்கே அழைக்கவில்லை, எழுதி முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இருபது வருடத்தில் மறுபடி போர். வெர்சாய் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புரிந்த வித்தியாசம் உங்கள் கட்டுரையில் ஒரு சொல்லாகக்கூட இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே விஷயமாக எழுதிய என் கடிதத்தைப் பாதியாக வெட்டி வெளியிட்டீர்கள். வெட்டுப்பட்ட பாதியில்தான் அந்த அரசர்களின் குற்றங்களைச் சொல்லியிருந்தேன். வெளிவந்த பாதியை மட்டும் படித்த நண்பர்கள் நான் மெட்டர்னிக்குக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்தார்கள், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால் மறுபடி சொல்கிறேன். குடியரசாக இருந்த வெனிஸை ஆஸ்திரியாவுக்கும் ஜெனோவாவை சார்டினியாவுக்கும் கேட்பாரில்லாமல் கொடுத்தார்கள். பெல்ஜிய மக்களை டச்சு மன்னரின் கீழ் கட்டிப்போட்டார்கள், அவர்கள் 1830-ல் அறுத்துக்கொண்டு போனார்கள். 1819-ல் கார்ல்ஸ்பாட் ஆணைகளால் ஜெர்மன் பத்திரிகைகளின் வாயை அடைத்தார்கள், பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு அதன் கொடுமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மக்களைக் கேட்காமல் கட்டிய ஒழுங்கு அது. இருந்தும் அதற்குப் பிறகு 1914 வரை ஐரோப்பா முழுவதையும் இழுத்துப்போட்ட போர் வரவில்லை. இரண்டையும் சேர்த்துத்தானே வாசகனுக்குச் சொல்ல வேண்டும்?

ஒவ்வொரு ஜூன் மாதமும் உங்கள் இதழில் வாட்டர்லூ வருகிறது. சமாதானம் பேசியவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்து நான் பார்த்ததில்லை. போர்தான் விற்கும் என்றால் சரி, அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

முழுக் கட்டுரை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. "1815-ல் ஐரோப்பா" என்று தலைப்பிட்டு நீங்கள் அச்சிட்ட வரைபடத்தில் ஜெர்மனி ஒரே நாடாக, ஒரே நிறத்தில் இருக்கிறது. அது 1871-க்குப் பிந்தைய படம். 1815-ல் அங்கே இருந்தது முப்பத்தொன்பது அரசுகள் சேர்ந்த கூட்டமைப்பு. இந்த இதழைப் பிள்ளைகளுக்கு வெட்டி ஒட்டிக் காட்டுகிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த இதழில் அரைப் பக்கத்தில் சரியான வரைபடத்தை, ஊர்ப் பெயர்களைத் தமிழில் போட்டு, மாநாட்டுத் தேதியின் திருத்தத்தோடு வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால் தயவுசெய்து வெளியிடவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காரைக்கால்