கண்டம் செய்வதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள்

தமிழ்நாட்டின் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும், மின்னணுத் துறைத் தலைவர்களுக்கும், கண்டம் குழுவில் கையெழுத்திடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

மார்ச் மாத ஸ்டாக் சரிபார்ப்பு முடிந்ததும் கண்டம் பட்டியல், அதாவது இனிப் பயன்படாது என்று கழித்து ஏலத்துக்கு அனுப்பும் கருவிகளின் பட்டியல், தயாராகிவிடும். சி.ஆர்.ஓ. (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்), ஆர்.பி.எஸ். (சீரான டி.சி. வோல்டேஜ் தரும் பவர் சப்ளை), ஃபங்ஷன் ஜெனரேட்டர் (சோதனைக்கு அலைகளை உருவாக்கும் கருவி), 8085 கிட் (மைக்ரோபிராசசர் பயிற்சிப் பலகை), பழைய கணினி என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் எதிரே ‘வேலை செய்யவில்லை’ என்று ஒரே குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை ஏற்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எந்தப் பகுதி கெட்டிருக்கிறது, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருந்தது என்று எழுதாமல் எந்தக் கருவியையும் ஏலத்துக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாமெக் வடிவமைப்பில் இந்தூரில் செய்த ஹெச்.எம்.203 வகை சி.ஆர்.ஓ.க்கள் 20 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டுபவை. அவற்றின் எழுச்சி நேரம், அதாவது திடீரென்று ஏறும் சிக்னலைத் தொடர்ந்து ஏற எடுக்கும் நேரம், 17.5 நானோ செகண்ட். ரெக்டிஃபையர், ஆம்ப்ளிஃபையர், ஆசிலேட்டர், 555 டைமர் ஐ.சி., ஆப்-ஆம்ப் என்று டிப்ளமோ ஆய்வகத்தில் செய்யும் சோதனைகளுக்கு இது தாராளம். 1972இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465 இன்றும் 100 மெகாஹெர்ட்ஸ் காட்டும். இவற்றின் சர்வீஸ் மேனுவலில் முழுச் சுற்றுப்படமும், முக்கியமான இடங்களில் இருக்க வேண்டிய வோல்டேஜும் அச்சாகியிருக்கும். இன்று வாங்கும் டிஜிட்டல் சி.ஆர்.ஓ.வில் பெரும்பாலும் அது கிடைக்காது. பழுதானால் முழு போர்டையே மாற்றச் சொல்வார்கள். ஒரே முறை வந்து மறையும் சிக்னலைப் பிடிக்க டிஜிட்டல் வேண்டும், அதையும் வாங்குங்கள். ஆனால் மின்னணுப் பழுது நீக்கம் கற்றுத்தர உங்கள் ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும் பெட்டிகளைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது.

‘ட்ரேஸ் (திரையில் ஓடும் ஒளிக்கோடு) வரவில்லை’ என்று ஒதுக்கப்பட்ட சி.ஆர்.ஓ.க்களில் கணிசமானவற்றில் பழுதே இருக்காது. அலையை வரையத் தொடங்கும் தருணத்தைத் தீர்மானிக்கும் ட்ரிகர், நார்மலில் நின்றிருக்கும். எக்ஸ்-ஒய் பட்டன் அழுந்தி, புள்ளி திரைக்கு வெளியே போயிருக்கும். பொசிஷன் குமிழ் ஓரத்துக்குத் திரும்பியிருக்கும். ட்ரிகரை ஆட்டோவில் வையுங்கள். இரண்டு உள்ளீட்டையும் கிரவுண்டில் போடுங்கள். பொசிஷன்களை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், எக்ஸ்-ஒய் பட்டனை விடுவியுங்கள், இன்டென்சிட்டியை முக்கால் பங்குக்குத் திருப்புங்கள். அளவு தப்பாகக் காட்டுகிறது என்ற புகார் வந்தால் முதலில் வேரியபிள் குமிழ்கள் கேலிபரேட்டட் நிலையில் சொடுக்கி நிற்கின்றனவா, எக்ஸ் பத்து மடங்கு பட்டன் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். ட்ரேஸ் வந்ததும் முகப்பில் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் கேலிபரேஷன் முனையில் புரோபை (அளக்கும் முனையுள்ள வயரை) மாட்டி, அதன் ட்ரிம்மரை சதுர அலையின் மூலை நேராகும் வரை திருப்புங்கள். மூலை வழிந்தாலும் எகிறினாலும் அதிக அதிர்வெண்ணில் வோல்டேஜ் தப்பாகத்தான் வரும்.

ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த கருவியை நேராக 230 வோல்ட்டில் சொருகக் கூடாது. முதலில் மூடியைக் கழற்றுங்கள். நம் ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் முனைகளுக்கு இடையே செத்துக் கிடக்கும் பல்லியும், எலி கடித்த வயரும் அடிக்கடி கிடைக்கும். வோல்டேஜ் செலக்டர் 230இல் இருக்கிறதா, ஃப்யூஸ் மேனுவலில் சொன்ன மதிப்பா என்று பாருங்கள். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அடுத்து மெயின்ஸ் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்டப் போட்டிருக்கும் எக்ஸ்2 கெபாசிட்டர். மஞ்சள் நிறத்தில் ஒளி ஊடுருவும் உறையில், மேலெல்லாம் மயிரிழை வெடிப்போடு இருக்கும் ரிஃபா பி.எம்.இ.271 என்றால் சோதிக்காமலேயே கழற்றிவிடுங்கள். அது உலோகம் பூசிய காகிதத்தால் ஆனது. வெடிப்பு வழியே ஈரம் ஏறி, சொருகிய சில நிமிடங்களிலோ மணிகளிலோ புகையைக் கக்கும். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில் 275 வோல்ட் ஏ.சி. எழுதிய பாலிபுரோப்பிலீன் எக்ஸ்2 கெபாசிட்டர் சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். சாதாரண 400 வோல்ட் டி.சி. கெபாசிட்டரை அந்த இடத்தில் போடக் கூடாது.

பிறகு 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு, டிம்மர்ஸ்டாட் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக ஏற்றுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள லீனியர் சப்ளையானால் 70, 80 வோல்ட்டில் தொடங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் 230க்குப் போகலாம். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் உள்ளே தேய்ந்துபோன ஆக்சைடு படலம் மெல்ல மீண்டும் வளர அந்த நேரம் வேண்டும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். (அதிவேக ஸ்விட்சிங் முறையில் இயங்கும் பவர் சப்ளை) உள்ள கருவிக்கும் கணினிக்கும் டிம்மர்ஸ்டாட் வேண்டாம். உள்ளீடு குறைந்தால் அது அதிக கரண்ட் இழுக்கும். பாதி வோல்டேஜில் தத்தளித்து ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் போய்விடக்கூடும்.

இனி மேனுவலும் மல்டிமீட்டரும் போதும். கருவிக்குள் உள்ள டி.சி. சப்ளைகளை ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். பல வடிவமைப்புகளில் ஒரு சப்ளையை ஆதாரமாகக் கொண்டே மற்றவை நிற்கும். அது சரிந்தால் எல்லாம் சரியும், ஆகவே அதை முதலில் பாருங்கள். இன்னொரு சி.ஆர்.ஓ.வை ஏ.சி. கப்ளிங்கில் வைத்து ரிப்பிளை (டி.சி.யில் மிஞ்சி நிற்கும் அலையை) பாருங்கள். ஃபுல் வேவ் ரெக்டிஃபையருக்குப் பின் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் பெரிதாக இருந்தால் ஃபில்ட்டர் கெபாசிட்டர் உலர்ந்துவிட்டது. 50 ஹெர்ட்ஸ் தெரிந்தால் கெபாசிட்டரைத் தொடாதீர்கள். பிரிட்ஜில் ஒரு டயோடோ அதன் சோல்டரோ திறந்திருக்கிறது. ஒரு சப்ளை சுழியத்துக்கு அருகே கிடந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதற்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். 465 போன்றவற்றில் துளி வடிவ டான்டலம் கெபாசிட்டர் ஷார்ட் ஆவது மிகச் சாதாரணம். மாற்றும்போது பழைய வோல்டேஜுக்குக் குறையாத, 105 டிகிரி எலக்ட்ரோலிட்டிக் போடுங்கள். துருவம் மாறினால் வெடிக்கும்.

சப்ளை எல்லாம் சரி, ஒரு சேனல் மட்டும் திரைக்கு வெளியே நிற்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளீட்டில் உள்ள எஃப்.இ.டி. வகை டிரான்சிஸ்டர் போயிருக்கும், புரோப் இல்லாமல் நேராக 230 வோல்ட்டைத் தொட்டதன் விளைவு. இந்த இடத்தில்தான் இரட்டைச் சேனல் சி.ஆர்.ஓ. அருமையான ஆசான். இரண்டு சேனலுக்கும் ஒரே மாதிரியான சுற்றுதான். நல்ல சேனலில் ஒரு புள்ளியின் வோல்டேஜை அளந்து, கெட்ட சேனலில் அதே புள்ளியை அளந்துகொண்டே உள்ளீட்டிலிருந்து முன்னேறினால் வேறுபாடு எங்கே தொடங்குகிறதோ அங்கே பழுது. மேனுவல் இல்லாவிட்டாலும் மாணவர் இதைச் செய்யலாம்.

குமிழைத் திருப்பும்போது ட்ரேஸ் குதித்தால் தொடர்பு முனைகள் அழுக்கு. அட்டென்யுவேட்டர் (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும்) ஸ்விட்சின் தங்கப் பூச்சு முனைகளில் உப்புத்தாளும் வேண்டாம், டபிள்யூ.டி.-40உம் வேண்டாம். அதன் எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்து ஆயிரம் மெகா ஓம் அளவிலான மின்காப்பைக் கெடுக்கும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டிக் காகிதக் கீற்றை முனைகளுக்கு நடுவே விட்டு இழுத்தால் போதும். கடலோரக் கல்லூரிகளில் ஐ.சி. சாக்கெட்டுகள் அரிக்கும், பல சமயம் ஐ.சி.க்களைக் கழற்றி மறுபடி சொருகினாலே உயிர் வந்துவிடும். மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் எல்லாக் கருவிகளையும் ஓடவிடுங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டும்.

எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டியது எர்த் பின் பற்றி. எஸ்.சி.ஆர்., பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகங்களில் மெயின்ஸோடு நேராக இணைந்த சுற்றை அளக்கும்போது ஃப்யூஸ் போகிறது என்பதற்காக சி.ஆர்.ஓ.வின் மூன்றாவது பின்னை வெட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. புரோபின் கிரவுண்டு கிளிப் சி.ஆர்.ஓ.வின் உலோக உடலோடு இணைந்தது. எர்த்தை வெட்டிவிட்டு அந்தக் கிளிப்பை ஃபேஸில் மாட்டினால், புரோபைச் சொருகும் பி.என்.சி. முனையும் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஒரு கை பெட்டியிலும் மறு கை எர்த் உள்ள வேறு கருவியிலும் பட்டால் மாணவர் உயிர் போகும். வெட்டிய பின் உள்ள ஒவ்வொரு வயரையும் இன்றே தூக்கி எறியுங்கள். அளக்க வேறு வழி உண்டு. இரண்டு 10 மடங்கு புரோப்களை இரண்டு புள்ளிகளில் மாட்டி, கிரவுண்டு கிளிப்களை எங்கும் மாட்டாமல் விட்டு, இரண்டாம் சேனலை இன்வர்ட் செய்து, ஆட் பட்டனை அழுத்துங்கள். இரண்டு புள்ளிகளின் வித்தியாசம் திரையில் வரும். இரண்டு சேனலின் வோல்ட்/டிவிஷனும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சோதிக்கும் சுற்றுக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், சி.ஆர்.ஓ.வின் எர்த்தில் கை வைக்காதீர்கள்.

படக்குழாய்ப் பகுதியில் 20 மெகாஹெர்ட்ஸ் கருவியிலேயே சுமார் 2,000 வோல்ட் உண்டு. அதை அளக்க உயர் மின்னழுத்தப் புரோபும், அதில் பழகிய ஆளும் வேண்டும். மாணவர் தனியாகத் தொடக் கூடாது. உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தாலோ, படக்குழாய் மங்கி ஃபோகஸ் நிற்காமல் போயிருந்தாலோ, அந்தக் கருவியைக் கண்டம் செய்வது நியாயம்.

ஆர்.பி.எஸ். பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குமிழைத் திருப்பினாலும் வெளியீடு முழு வோல்டேஜில் நிற்கிறதென்றால் 2என்3055 பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட், அல்லது பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்கால் தொடர்பு விட்டிருக்கிறது. டிரான்சிஸ்டரை மாற்றும்போது மைக்கா தாளும் ஹீட் சிங்க் பேஸ்டும் மறக்கக் கூடாது. சந்தையில் போலி 2என்3055 நிறைய. உள்ளே சின்னச் சில்லு இருக்கும், இரண்டு ஆம்பியர் லோடில் சிறிது நேரத்தில் போய்விடும். அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிப் பார்த்த பிறகே ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

8085 கிட்டில் டிஸ்ப்ளே வரவில்லையா? 8085 ஐ.சி.யின் 40ஆம் காலில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட கிட்டில் 37ஆம் காலில் 3.072 மெகாஹெர்ட்ஸ் கிளாக் தெரிய வேண்டும். 36ஆம் கால் ரீசெட்டை விட்டதும் உயர வேண்டும், 35 உயர்ந்தும் 39 தாழ்ந்தும் இருக்க வேண்டும், 30இல் ஏ.எல்.இ. (முகவரியைப் பிடித்து வைக்கச் சொல்லும்) துடிப்பு ஓட வேண்டும். இவை எல்லாம் இருந்தும் டிஸ்ப்ளே இல்லையென்றால் டிஸ்ப்ளேயை ஓட்டும் 8279 ஐ.சி.யையும், கிட்டை இயக்கும் மானிட்டர் புரோகிராம் உள்ள இ.பி.ராம் நினைவகச் சில்லையும் சந்தேகியுங்கள். உள்ளீடு-வெளியீட்டு போர்ட் மட்டும் வேலை செய்யாவிட்டால் அதற்கான 8255 ஐ.சி. போயிருக்கும்; அது இன்றும் கிடைக்கிறது.

இ.பி.ராமைப் பற்றித் தனியாக வேண்டிக்கொள்கிறோம். அதன் கண்ணாடி ஜன்னலை ஒளி புகாத லேபிளால் மூடி, உள்ளே உள்ளதை உடனே படித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள மின்னூட்டம் பல பத்தாண்டுகளில் கசிந்துபோகும். போனால் அந்த மானிட்டர் புரோகிராமை வேறெங்கும் தேட முடியாது. 2716 வகை இ.பி.ராமில் எழுதத்தான் 25 வோல்ட் வேண்டும்; படிக்க 5 வோல்ட் போதும், எளிய யு.எஸ்.பி. புரோகிராமரே படிக்கும். இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். டி.எம்.எஸ்.2716 மட்டும் மூன்று சப்ளை கேட்கும் வேறு வகை. அதை இன்டெல் 2716 என்று எண்ணிச் சொருகக் கூடாது.

பேட்டரி பேக்கப் உள்ள கிட்களிலும் 386, 486 கணினி போர்டுகளிலும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து செம்புத் தடத்தைத் தின்னும். இன்றே வெட்டி எடுங்கள். கசிந்தது காரம், வினிகரைத் தொட்டுத் துடைத்து, தண்ணீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் கழுவி உலர்த்துங்கள். அந்த இடத்தில் லித்தியம் செல் போட்டால் சார்ஜ் ஏறாதபடி ஒரு டயோடு கட்டாயம். எதிர்மாறான எச்சரிக்கையும் உண்டு. ஆராய்ச்சிக் கூடங்களில் உள்ள ஹெச்.பி. 3478ஏ மல்டிமீட்டரின் பேட்டரியைச் சட்டென்று கழற்றாதீர்கள். கேலிபரேஷன் எண்கள் முழுவதும் அந்த 3 வோல்ட் பேட்டரியால்தான் நினைவில் நிற்கின்றன. முதலில் ஜி.பி.ஐ.பி. (கருவியைக் கணினியோடு இணைக்கும் முனை) வழியாக அவற்றைப் படித்து வைத்துவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள். பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பியையும் டிரைவில் போடக் கூடாது. தட்டும் கீறும், ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் நல்ல ஃப்ளாப்பியும் போகும்.

‘கேலிபரேஷன் சான்றிதழ் இல்லாத கருவி எதற்கு’ என்று கேட்பவர்கள் உண்டு. தொழிற்சாலைக்குச் சோதனை அறிக்கை தருவதானால் ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் வேண்டும்தான். மாணவர் ஆய்வகத்துக்கோ, துறையில் ஒரே ஒரு மல்டிமீட்டரைச் சான்றிதழோடு வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். கற்பிக்க இது போதும்.

கண்டம் குழுவிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கத் தாள் இணைக்கச் சொல்லுங்கள்: சப்ளை வோல்டேஜ்கள், ரிப்பிள், கெட்ட பகுதி, அந்தப் பாகம் கிடைக்கிறதா, என்ன விலை. அந்தத் தாளை இறுதியாண்டு மாணவர் இருவர் ஆய்வக உதவியாளரின் மேற்பார்வையில் தயாரிக்கட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். ஒரே மாடலில் மூன்று கெட்ட சி.ஆர்.ஓ. இருந்தால் ஒன்றைப் பாகங்களுக்காக ஒதுக்கி, டெட் ஸ்டாக் (நிலையான பொருள்களின்) பதிவேட்டில் அப்படியே எழுதுங்கள். மேனுவலை ஸ்கேன் செய்து நூலகத்தில் வையுங்கள்.

உண்மையாகவே முடிந்துபோனதைக் காயலான் கடைக்குத் தராதீர்கள். சோல்டரில் ஈயம் இருக்கிறது, வெற்றிடப் படக்குழாயைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடி சிதறும். மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022இன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அனுப்பும் முன் குமிழ்கள், ஸ்விட்சுகள், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், நல்ல நிலையில் உள்ள படக்குழாய், சாக்கெட்டில் உள்ள ஐ.சி.க்கள் ஆகியவற்றைக் கழற்றி, மாடல் எண் எழுதி, ஸ்டோரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய அளவுக் கருவிகளைப் பழுது நீக்கிப் பயன்படுத்துவோர்