பொது நூலகத்தில் வாராந்திர டிஜிட்டல் பயிற்சி வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்: குடியிருப்போர் தன்னார்வக் குழு
பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், மின்னாளுமைத் துறை

பொருள்: நூலகத்தில் கைப்பேசி, இணையப் பயிற்சி வகுப்பு தொடங்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சான்றிதழ், ஓய்வூதியம், உதவித்தொகை என்று விண்ணப்பங்கள் எல்லாம் இணையத்துக்கு மாறிவிட்டன. வரிசையில் கால்கடுக்க நிற்பது குறைந்தது, நல்லதுதான். ஆனால் கையில் போன் இருந்தும் வழி தெரியாமல் தவிப்பவர்கள் எங்கள் பகுதியில் நிறைய.

சென்ற மாதம் ஓர் அம்மா ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க எங்களிடம் வந்தார். அவரையே தட்டச் சொன்னேன். ஓடிபி வந்தது. அதைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போனார். திரும்புவதற்குள் விண்ணப்பம் மறுபடி முதல் பக்கத்தில் நின்றது. மூன்று முறை இதே கதை. கடைசியில் போனை என் கையில் திணித்து, "நீயே பார்த்துப் போட்டுவிடுப்பா" என்றார். வங்கிக் கணக்கோடு இணைந்த போன் அது. நாளைக்கு முகம் தெரியாத ஒருவரிடமும் இப்படித்தானே கொடுப்பார்? எங்களை உறுத்துவது இதுதான்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி, உலக மக்களில் 92 சதவீதம் பேர் 4ஜி சிக்னல் எட்டும் இடங்களில் வாழ்ந்தார்கள். இருந்தும் அந்த ஆண்டில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்தவில்லை. போன் விலை, டேட்டா செலவு எல்லாம் காரணம்தான். பொறுமையாகச் சொல்லித்தர ஆள் இல்லாததும் காரணம். அதையாவது இங்கேயே சரிசெய்யலாம்.

முன்பு ஒருநாள் முகாம் நடந்தது. திரையில் காட்டினார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள், அதோடு சரி. மறுவாரம் சந்தேகம் கேட்க ஆளில்லை. ஆகவே நாங்கள் கேட்பது முகாம் அல்ல. வாரம் இரண்டு நாள், ஒன்று காலையில், ஒன்று வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலையில். ஆறு மாதமாவது அதே பயிற்றுநர் வரவேண்டும். கணினி வாங்கித் தரத் தேவையில்லை. வீட்டுக்குப் போய்த் தொடப்போவது சொந்தப் போனைத்தான், அதிலேயே பழகட்டும். எழுத்தைப் பெரிதாக்குவது, போலி லிங்க்கை அடையாளம் காண்பது, ஓடிபியை யாரிடமும் சொல்லாதிருப்பது என்று தொடங்கினால் போதும். அப்புறம், துறையின் விண்ணப்பத்துக்கு ஒரு மாதிரிப் பக்கம் அவசியம் வேண்டும். தப்பாக அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தால்தான் பயம் விலகும்.

அவர்கள் பழகும்வரை காகித விண்ணப்பங்களையும் பெற்றுக்கொள்ள உத்தரவிட வேண்டுகிறோம்.

எங்கள் குழுவில் நான்கு பேர் ஊதியமின்றி உதவத் தயார். நூலகரிடமும் பேசிவிட்டோம், வாசிப்பறையில் இடம் தர அவருக்குச் சம்மதம். தங்கள் அனுமதிக் கடிதம் கிடைத்த வாரமே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்போர் தன்னார்வக் குழுவினர்