கடல் தெரியுற வீடு வாங்கப்போற என் மகளுக்கு

அம்மாடி, நல்லா இருக்கியா, மாப்பிள்ளை நல்லா இருக்காரா. நீ அனுப்புன வீட்டு வீடியோவ நானும் உங்கம்மாவும் நாலஞ்சு தடவ போட்டுப் பாத்துட்டோம். மாடியில நின்னா கடல் தெரியுதுப்பான்னு நீ சொன்னப்போ உன் குரல்ல இருந்த சந்தோஷம் இன்னும் காதுலயே நிக்குது. வாங்காதன்னு சொல்ல இத எழுதல. கடலோர ஊர்ல ஒரு வீட்ட முப்பது வருஷமா காப்பாத்திட்டு வர்றேன், அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் உங்கிட்ட சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது.

மொதல்ல சீலிங்கப் பாரு. ஹால்ல ஃபேனுக்குப் பக்கத்துல நேரா ஒரு கோடு ஓடுது, அது மேல புது பெயிண்ட் அடிச்சிருக்காங்க. கான்கிரீட்டுக்குள்ள இருக்குற இரும்புக் கம்பி போற வழியிலயே விரிசல் விட்டிருந்தா உள்ள துரு புடிச்சிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. கடக்காத்துல வர்ற உப்பு கொஞ்சம் கொஞ்சமா கான்கிரீட்டுக்குள்ள எறங்கி கம்பியத் தொட்டுடும், துரு புடிச்ச இரும்பு முன்ன இருந்தத விட ரெண்டு மடங்குக்கும் மேல எடம் கேக்கும், எடம் இல்லாம கான்கிரீட்ட பொளந்துக்கிட்டு வெளிய வரும். நம்ம வீட்லயும் இதேதான். நான் மூணு தடவ பூச்சு பூசி பெயிண்ட் அடிச்சு சரியாயிடுச்சுன்னு நெனச்சேன், ஒரு நாள் மத்தியானம் நீ தூங்குற கட்டில் மேலயே பெரிய பாளமா விழுந்துச்சு. உனக்கு அப்ப நாலு வயசு. தண்ணி வேணும்னு எந்திரிச்சு அம்மாகிட்ட போயிருந்த. இப்ப நெனச்சாலும் கை நடுங்குது. அதுக்கப்புறம்தான் கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் கொத்தி எடுத்து, துருவ சுரண்டி, எளச்சுப்போன எடத்துல புதுக்கம்பி சேத்து கட்டி முறையா வேல பாத்தோம். மேல பூசி மறைக்கிறது வைத்தியமே இல்லம்மா.

ஜன்னல் கம்பி, ஏசி வெளி யூனிட், களிம்பு புடிச்ச சுவிட்ச் போர்டு இதெல்லாம் மாத்திக்கலாம், பெருசா யோசிக்காத. வாங்குனப்புறம் ஏசி யூனிட்ட மட்டும் அப்பப்ப நல்ல தண்ணியில கழுவி விடு.

தண்ணி விஷயத்துல அவசரப்படாத. மழ முடிஞ்ச கையோட போர் தண்ணியக் குடிச்சுப் பாத்தா எனிக்கத்தான் செய்யும், கோடை கடைசியில டெஸ்ட் பண்ணணும். கடலோரத்துல நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மெதந்துக்கிட்டு இருக்கு, கணக்குப்படி நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி எறங்குனா அடியில உப்பு 40 அடி வரைக்கும் மேல வரும். உன் வீட்டு போர் மட்டும் இல்ல, பக்கத்துல அப்பார்ட்மெண்ட்காரங்க எவ்வளவு உறிஞ்சுறாங்கங்கிறதும் உன் குழாய்த் தண்ணியோட ருசிய மாத்திடும்.

அதனாலதான் சொல்றேன், வீட்ட விட தெருவ நல்லா பாரு. அமாவாச பௌர்ணமி ஒட்டி கடல் நல்லா ஏறும், அந்த நேரத்துல பெரிய மழையும் சேந்துச்சுன்னா சாக்கடைத் தண்ணி கடலுக்குள்ள போக வழியில்லாம தெருவுலயே நிக்கும். புரோக்கர் இத வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. எதுத்த வீட்ல வயசானவங்க யாராச்சும் இருந்தா போயி உக்காந்து பேசு, போன பெருமழையில தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு காம்பவுண்ட் சுவத்துல கைய வச்சே காட்டுவாங்க. நமக்கு அப்படி காட்டுனது எதுத்த வீட்டு ஆச்சிதான், அவங்க பேச்சக் கேட்டுத்தான் நம்ம வாசப்படிய ரெண்டடி ஒசத்துனோம், அப்புறம் வந்த ரெண்டு புயல்லயும் தண்ணி உள்ள வரல.

வர்ற ஞாயித்துக்கெழம மறுபடியும் போ. ஒரு கம்போ சுத்தியல் பிடியோ எடுத்துக்கிட்டு சீலிங்க எடத்துக்கு எடம் மெதுவா தட்டு, விரிசலுக்கு நேர் கீழ நிக்காத, கொஞ்சம் தள்ளி நின்னு தட்டு. கெட்டியா கேட்டா பயமில்ல, பொள்ளுன்னு கேட்டா உள்ள கான்கிரீட் பிடி விட்டுருச்சுன்னு அர்த்தம். தட்டும்போது எனக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வையி, அப்பா கேட்டுட்டு சொல்றேன்.