உன் ரிப்போர்ட்டில் இருந்த அந்தப் புரதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில் கேட்டதற்கு அரைத் தூக்கத்தில் "ஒன்றுமில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் சீரம் பிரித்தவள் அப்படிப் பதில் சொல்லியிருக்கக் கூடாது.

16ஆம் வார இரத்தப் பரிசோதனையில் ஏ.எஃப்.பி., அதாவது ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், இயல்பு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும், தாயின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிக் குழந்தையைக் காப்பது அந்தப் புரதமே என்று எங்கோ படித்துவிட்டு, அது சற்றுக் குறைவாக இருப்பதால் என் உடம்பே பிள்ளையைத் தள்ளிவிடுமோ என்று கலங்கினாய்.

பாதி தகப்பன் வழியில் வந்த கருவை, பிறருடைய சிறுநீரகத்தை எதிர்ப்பதுபோல் தாயின் உடம்பு ஏன் எதிர்ப்பதில்லை என்று பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1953இலேயே கேட்டார். 1975இல் மர்கிட்டா, டொமாசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் சுண்டெலியின் ஏ.எஃப்.பி.யை வளர்ப்புத் தட்டில் இருந்த எதிர்ப்புச் செல்களோடு சேர்த்தபோது, ஆன்டிபாடி உண்டாவது குறைந்தது. அயல் செல்களைக் கண்டால் பெருகும் டி செல்களும் அடங்கின. நீ படித்த கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் மனிதப் புரதத்தை வைத்துச் செய்தபோது ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்கவில்லை. அதை எதிலிருந்து பிரித்தார்கள், அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த சிறு மூலக்கூறுகள் எவை என்பதெல்லாம் முடிவை மாற்றும். (சீரம் புரதம் எதுவும் தனியாக வருவதில்லை, எதையாவது சுமந்துகொண்டே வரும்.) எதிரியின் அடையாளத்தை டி செல்களுக்குக் காட்டித் தரும் டென்ட்ரிடிக் செல்கள் முதிர்வதை, ஈரல் புற்றுக்கட்டியின் ஏ.எஃப்.பி. தடுத்த அளவுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தின் ஏ.எஃப்.பி. தடுக்கவில்லை.

என் ஐயத்தைத் தீர்த்தது 2002இல் வந்த ஆய்வு. ஏ.எஃப்.பி.யை உண்டாக்கும் மரபணுவையே நீக்கிய சுண்டெலிக் குட்டிகள் கருவில் குறையின்றி வளர்ந்து பிறந்தன. மனிதரிலும் பிறவியிலேயே அந்தப் புரதம் இல்லாத குழந்தைகள் நலமாகப் பிறந்திருக்கிறார்கள். எதிர்ப்பைத் தணிக்க நஞ்சுக்கொடியும், கட்டுப்படுத்தும் டி செல்களும் இருக்கும்போது, ஏ.எஃப்.பி. துணைக் காவலாக இருக்கலாமே ஒழிய, ஒரே காவலாக இருக்க முடியாது.

இன்னொன்று: அந்தப் புரதம் உன்னுடையது அல்ல, குழந்தையின் ஈரல் செய்வது. மூன்றாம் மாத இறுதியில் கருவின் இரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 3 மில்லிகிராம் இருக்கும். உன் இரத்தத்துக்குக் கசிந்து வருவது நானோகிராம் கணக்கில்தான். முதுகெலும்பு சரியாக மூடாத குழந்தையிடமிருந்து கசிவு கூடும் என்பதாலேயே அதை அளக்கிறார்கள்.

20ஆம் வார ஸ்கேனுக்குப் போகும்போது மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போ. முதுகெலும்பை டாக்டர் திரையில் காட்டியதும், உங்கள் ஊரில் எத்தனை மணியானாலும் எனக்குக் கூப்பிடு. இந்த முறை விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா